மையவாடியில் நின்ற எகிப்துக் கல்

எங்கள் பழைய அலுவலகத்தின் பின்முற்றத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், இடுப்பளவு உயரமான ஒரு கரிய கல் சுவரோடு சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அதில் பறவைகளும் குந்தியிருக்கும் மனிதர்களும் அலைக்கோடுகளும் வரிவரியாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அங்கே உள்ள உடைந்த ஓட்டுத்துண்டுக்குக்கூடப் பெயர்ச்சீட்டு உண்டு. இந்தக் கல்லுக்கு இல்லை.

போன மாதம் அந்தப் பக்கம் போனபோது இப்போது அங்கே வேலை பார்க்கும் தம்பிமார் இருவர் என்னை மறித்தார்கள்.

"ஐயா, உதென்ன கல்? எகிப்துக் கல் எண்டு சிலர் சொல்லுகினம். போலி எண்டு சிலர் சொல்லுகினம்."

"இரண்டும் சரிதான்," என்றேன். "இருந்து கேட்க நேரமிருக்கோ?"

நேரமிருக்கவில்லை. கொழும்பிலிருந்து யாரோ பெரியவர் வந்திருந்தார். ஆகவே எழுதுகிறேன்.

நான் முதலில் பத்திரிகைக்காரன். கொழும்பில் ஒரு தமிழ்த் தினசரியில் ஒப்புநோக்குபவனாகச் சேர்ந்து, பிறகு திருகோணமலை நிருபராக ஊருக்குத் திரும்பி வந்தேன். துறைமுகத்துக்கு வந்த கப்பல், கவிழ்ந்த தோணி, மீன் விலை, கோயில் திருவிழா என்று எழுதினேன். கண்டது எது, கேட்டது எது, நீயாக நினைத்தது எது என்பவற்றை ஒரே வாக்கியத்தில் கலக்காதே என்று ஆசிரியர் சொல்லித் தந்தார். பத்திரிகை வெளியூர் நிருபர்களைக் குறைத்தபோது, தொல்பொருள் வேலை பார்க்கும் ஒரு சிறிய அரச அலுவலகத்தில் வெளிக்கள உதவியாளனாகச் சேர்ந்தேன். கல்வெட்டுக்கு மை ஒற்றிப் படியெடுப்பது, ஈரத்தாள் வைத்து அச்செடுப்பது, நாடா பிடிப்பது, கறையானைத் துரத்துவது ஆகியவற்றை இரண்டு வருடத்தில் பழகினேன். அந்த வருடங்களில் எழுதத்தக்கதாக ஒன்றும் நடக்கவில்லை.

பொறுப்பதிகாரியாக அருமைநாயகம் ஐயா வந்தபின்தான் எனக்கு அந்த வேலை விளங்கத் தொடங்கியது.

அவர் யாழ்ப்பாணத்தவர். இரண்டாம் உலகச் சண்டைக்கு முன்பு சீமைக்குப் போய், ஒரு பல்கலைக்கழகத்தில் பழைய எகிப்திய மொழி படித்தவர். தகப்பன் இறந்ததால் இடையில் திரும்பினார். பிறகு போக முடியவில்லை. நமது நாட்டில் எகிப்துப் படிப்புக்கு என்ன வேலை இருக்கும்? தமிழ்க் கல்வெட்டும் சிங்களக் கல்வெட்டும் பார்க்கும் உத்தியோகம் கிடைத்தது. அதைக் குறைவில்லாமல் செய்தார். ஆனால் மத்தியானம் சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் அலுவலகக் கதிரையில் நிமிர்ந்து இருந்து, கப்பல் தபாலில் மாதக்கணக்கில் பிந்தி வரும் எகிப்து ஆராய்ச்சி இதழ்களை வாசிப்பார். ஊரில் அவருக்கு "மம்மி ஐயா" என்று பெயர். அது அவருக்கும் தெரியும். ஒருநாள் பியோன், "மம்மி ஐயா வாறார்" என்று சொல்லி வாய் மூடுமுன் அவர் உள்ளே வந்து, "மம்மி நடக்காது. நான் நடந்துதான் வந்தனான்" என்றார். சிரிக்கவில்லை.

எகிப்தை அவர் ஒரே ஒரு தடவை பார்த்தார், அதுவும் கப்பல் தட்டிலிருந்து. கப்பலில் யாருக்கோ காய்ச்சல் என்று போர்ட் சையித்தில் ஒருவரையும் இறங்க விடவில்லை. வள்ளங்களில் வந்த வியாபாரிகள் கயிற்றில் கூடை கட்டி மேலே அனுப்பினார்கள். அவர் ஒரு சிறிய கல்வண்டை, பழைய எகிப்தியர் தாயத்தாக வைத்த வண்டுருவை, வாங்கினார். "போலி. மேசையில வைக்கும் முன்னமே தெரிஞ்சிட்டுது," என்று அதைப் பற்றிச் சொன்னார். ஆனாலும் அதை எறியவில்லை.

அவர் வேலை செய்யும் விதத்தைச் சொல்ல வேண்டும். கல்லைத் தொடுமுன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போடுவார். கையைக் கழுவிக் காற்றில் உலர விடுவார், துணியால் துடைக்க மாட்டார். முதல் பார்வையின்போது ஒருவரும் பேசக்கூடாது. "கதைச்சால் காதுதான் வேலை செய்யும், கண் செய்யாது," என்பார். நான் எழுதும் குறிப்பில் 'போலும்', 'இருக்கலாம்' என்று வந்தால் பென்சிலால் சுற்றி, "நீர் பார்த்தீரோ? பார்க்காட்டில் தெரியாது எண்டு எழுதும். தெரியாது எண்டு எழுத வெக்கப்படக்கூடாது," என்பார். எங்கள் ஆசிரியரும் இதையேதான் சொன்னார், ஆனால் அவர் சத்தம் போட்டுச் சொன்னார்.

1964 கடைசியில் அடித்த பெரிய புயலுக்கு அடுத்த மாசி மாதம், பழைய செங்கற் கட்டிடம் ஒன்று தப்பியதா என்று பார்க்க நான் கிண்ணியாப் பக்கம் போயிருந்தேன். துறையடித் தேநீர்க்கடையில் அதே கதையாக இருந்தது. குறிஞ்சாக்கேணிப் பக்கம், களப்பு எனும் கடற்காயலோரத்தில், முஸ்லிம்களின் பழைய இடுகாடான மையவாடியில், புயல் மணலை வாரிக்கொண்டு போய்விட்டதாம். கபுர்க் குழிகளின் தலைமாட்டில் நட்ட, மரத்தாலான மீசான் கட்டைகள் ஒன்றும் மிஞ்சவில்லையாம். காசிமின் மகளுடைய கபுரில் நட்ட கல் ஒன்றுதான் நிற்கிறதாம். மணல் போனதும் அதன் மறுபக்கத்தில் பறவை பறவையாகத் தெரிகிறதாம்.

போய்ப் பார்த்தேன். திரும்பி வந்து ஐயாவிடம் சொன்னேன். அவர் தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்திருந்தார்.

"பறவைகள் எந்தப் பக்கம் பார்க்குது?"

நான் கவனித்திருக்கவில்லை. "தெரியாது" என்றேன்.

கோப்பையை வைத்தார். "நாளைக்குப் போவம்."

மையவாடியில் எங்களுக்காக இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் பள்ளிவாசல் மரைக்கார், அந்த மையவாடிக்குப் பொறுப்பானவர். மற்றவர் காசிம் காக்கா. காக்கா என்றால் அவ்வூரில் அண்ணன். துறைமுகத்தில் கடற்படைக்காரரிடம் கூலியாக இருந்தவர். ஐம்பது வயதிருக்கும். பாரம் சுமந்த தோள், கொஞ்சம் சரிந்த நடை.

கல்லின் கதையை அவரே சொன்னார். வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தைவிட்டுப் போன வருடம், ஒரு அதிகாரியின் பங்களாத் தோட்டத்தில் கிடந்த சாமான்களைக் கடலில் தள்ளச் சொன்னார்கள். அந்தக் கல் அங்கே மீன்தொட்டிக்குப் படியாகக் கிடந்தது. அந்தக் கிழமைதான் அவருடைய மூத்த மகள் ஸபியா காய்ச்சலில் இறந்திருந்தாள். பத்து வயது ஆகவில்லை. மரக்கட்டை நட்டால் கறையான் தின்னும் என்று, கல்லைக் கடலில் தள்ளாமல் தோணியில் ஏற்றி வந்து தலைமாட்டில் நட்டார். செதுக்கல் அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் அந்தப் பக்கம் முழுவதும் மண்ணை அணைத்து மூடி, மொட்டைப் பக்கத்தை மட்டும் வெளியே விட்டிருந்தார்.

"எட்டு வருசமா உருவம் செதுக்கின கல்ல மையவாடியில வச்சுக்கிட்டு என்னட்ட ஒரு வார்த்த சொல்லல்ல," என்றார் மரைக்கார். "கேட்டா மீன்தொட்டிப் படியாம்! படிக்கட்டுல ஆந்தை இரிக்குமா காசிம்?"

"ஆந்தை மண்ணுக்குள்ளதானே மரைக்கார் இருந்திச்சு. புயல்தான் அதப் புடிச்சு வெளிய இழுத்த. புயலட்டக் கேளுங்க."

"கதைக்குக் குறைவில்ல."

ஐயா கடிகாரத்தைக் கழற்றினார். மரைக்கார் வாயைத் திறக்கப் போனபோது நான் கையைக் காட்டினேன். களப்புக் காற்றில் ஐயாவின் கை உலரும்வரை நால்வரும் நின்றோம். பிறகு அவர் மணலில் முழங்கால் ஊன்றி, கல்லின் செதுக்கிய பக்கத்துக்குக் கிட்ட முகத்தைக் கொண்டு போனார். நெடுநேரம் அப்படியே இருந்தார். எழுந்தபோது கழற்றிய கடிகாரத்தைத் திரும்பக் கட்ட மறந்துவிட்டார். அதை நான் முன்பு கண்டதில்லை, பின்பும் காணவில்லை.

கல்லில் உப்புப் படை ஏறியிருந்தது. கீழ்வரிகள் மண்ணுக்குள் இருந்தன. ஈரத்தாள் ஒட்டிப் பார்த்தோம். களப்புக் காற்று தாளைப் பிய்த்துக்கொண்டு போனது. உப்பை எடுக்காமல் அச்சு எடுக்க ஏலாது, உப்பை எடுக்க நல்ல தண்ணீரில் கிடத்த வேண்டும், அதற்கு அலுவலகத்துக்குக் கொண்டு போக வேண்டும் என்று ஐயா விளக்கினார்.

"கொண்டு போய்?" என்று கேட்டார் காசிம் காக்கா.

"வாசிச்சுப் போட்டு, கொண்டுவந்து அதே இடத்தில நட்டுத் தருவன். இது அரசாங்கத்துக்கு வேணும் எண்டு நான் எழுத மாட்டன். வாசிச்சால் எனக்குக் காணும்."

"படம் இருக்கிற பக்கம் மண்ணுக்குள்ள போனா எனக்கு ஒரு பிரச்சினையுமில்ல," என்றார் மரைக்கார்.

காசிம் காக்கா கல்லைப் பார்க்கவில்லை. மையவாடியைச் சுற்றிப் பார்த்தார். புயலுக்குப் பிறகு அது வெறும் மணல்வெளியாகக் கிடந்தது. அந்தக் கல் ஒன்றைத் தவிர எவருடைய கபுர் எங்கே என்று சொல்ல ஒன்றுமில்லை.

"ஐயா, எனக்கு இந்தக் கல்லு கல்லுக்காக இல்ல. இதப் பாத்துத்தான் நான் புள்ளட தலைமாட்டுக்கு வாற. இது இல்லாட்டி எனக்கு இந்தக் கரை முழுக்க ஒண்டுதான். மாரிக்கு முதல் வச்சுத் தந்திருவீங்களா?"

"ஓம். மாரிக்கு முதல்."

கல்லை எடுக்குமுன் இடத்தைக் குறித்தோம். மையவாடியின் முருகைக்கல் மதில் மூலை, களப்போரத்துப் பூவரசு, மேட்டில் நின்ற ஒற்றைப் பனை ஆகிய மூன்றிலிருந்தும் நாடா பிடித்து அளந்தோம். மூன்று அளவுகளும் சந்திக்கும் புள்ளி ஒன்றுதான். அலுவலகத்தில் ஒரு திசைமானி இருந்தது. அதைக் கொண்டு போகவில்லை. மூன்று நாடா அளவு இருக்கும்போது திசை எதற்கு என்பது ஐயாவின் வழக்கம். பாலைவனத்தில் அகழ்ந்தவர்களின் நூல்களில் அவர் படித்த வழக்கம் அது. அங்கே ஒரு மதில் மூலை நாலாயிரம் வருடம் அசையாமல் நிற்கும். மணல் மூடினாலும் அது பத்திரமாக இருக்கும். மூடிய மணலே காவல். எங்கள் களப்புக் கரை அப்படியானதல்ல என்பது எனக்கும் தெரியும், காசிம் காக்காவுக்கும் தெரியும். ஆனால் நாடாவை இழுத்துப் பிடித்துக்கொண்டு அளவைச் சொல்லும் அந்த மனிதரின் குரலில் இருந்த உறுதியில் எங்களுக்குச் சந்தேகம் வரவில்லை. கல் நின்ற இடத்தில் காசிம் காக்கா ஒரு பாலைக் கட்டையை நட்டார். மாட்டு வண்டிலில் கல்லை ஏற்றித் துறைக்குக் கொண்டு வந்தோம்.

பின்முற்றத் தொட்டியில் கல்லைக் கிடத்தி நல்ல தண்ணீர் நிரப்பினோம். தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும். மாற்றுமுன் ஒரு கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் எடுத்து, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் ஒரு துளி விடுவார் ஐயா. உப்பு இருந்தால் தண்ணீர் பால்போல் கலங்கும். முதல் நாட்களில் தயிர்போல் திரண்டது. பிறகு பால், பிறகு கழுநீர். தெளிவாக நிற்கும் நாள்வரை கல்லை வெளியே எடுக்கக்கூடாது. அவசரப்பட்டுக் காயவிட்டால் உள்ளே நின்ற உப்பு பூத்து, கல்லின் தோலைச் செதில் செதிலாகத் தள்ளிவிடும்.

காசிம் காக்கா ஒருநாள் வந்து தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"என்ன ஐயா, எண்ட கல்லு இன்னும் குளிக்குதா? வீட்டுல எனக்கே இவ்வளவு தண்ணி தாறல்ல."

ஐயா சிரித்தார். அன்று அவர் சந்தோஷமாக இருந்தார். காசிம் காக்காவைக் கதிரையில் இருத்தி, அந்த வரிகள் எதைச் சொல்ல வேண்டும் என்று விளக்கினார். இறந்தவருக்கு ரொட்டியும் நீரும் கிடைக்க வேண்டும் என்று வேண்டும் வாசகம் அது. வழியால் போகிறவர்கள் நின்று அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும் என்று கேட்பது வழக்கம். இது மீசான் கல் மாதிரித்தான், இன்னொருவருடைய தலைமாட்டில் நின்றது என்றார். காசிம் காக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வைகாசியில் கல் வெளியே வந்தது. நானும் ஐயாவும் அச்செடுத்தோம். வடிதாளை நனைத்து, கல்லின்மேல் விரித்து, தும்புத்தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அடிக்க வேண்டும். காற்றுக்குமிழி ஒன்றும் நிற்கக்கூடாது. தாள் எழுத்துப் பள்ளங்களுக்குள் இறங்கிக் காய்ந்ததும் ஒரு மூலையிலிருந்து உரித்தால், முழுக்கல்லும் தாளில் எழும்பி நிற்கும். நல்ல அச்சு. அதை அவர் சன்னலில் தொங்கவிட்டு, சாய்ந்த வெயிலில் பார்த்தார்.

அன்று பின்னேரம் முழுதும் அது சன்னலிலேயே தொங்கியது. அடுத்த நாளும் தொங்கியது.

ஒரு கிழமைக்குப் பிறகு நானே கேட்டேன்: "ஐயா, என்ன எழுதியிருக்கு?"

"அந்த எழுத்தில பறவையும் மனிசரும் ஒரு வரியில ஒரே பக்கம்தான் பார்க்கும். அவை பார்க்கிற பக்கத்தில இருந்துதான் வாசிக்கத் தொடங்க வேணும். இதில ஆந்தை வலப்பக்கம் பார்க்குது, பக்கத்தில இருக்கிற மனிசன் இடப்பக்கம் பார்க்கிறான்."

"அப்ப?"

"பழங்காலத்துக் கொத்தனும் பிழை விடுவான்."

ஆனி முழுதும் அவர் அந்தப் பிழைக்கு நியாயம் தேடினார். பழைய இதழ்களை எல்லாம் இறக்கினார். பிழையாகக் கொத்திய உண்மையான கற்கள் பற்றி வாசித்தார். பூதக்கண்ணாடியுடன் ஒவ்வொரு பள்ளத்தின் அடியையும் பார்த்தார். எல்லாப் பள்ளங்களின் அடியிலும் ஒரே அகலமான இரும்பு உளியின் தடம் இருந்தது. அந்தப் பழங்காலக் கொத்தரிடம் இரும்பு உளி இல்லை. அதை நானும் கண்டேன். அவர் கண்டதும் எனக்குத் தெரியும். ஆனால் கொழும்புக்கு ஒன்றும் எழுதவில்லை, என்னிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஆடி போய், ஆவணி போயிற்று. ஊர்க்கல்வெட்டு வேலைகள் கிடப்பில் கிடந்தன. வாழ்நாள் முழுவதும் காத்திருந்து கையில் வந்த ஒரே கல். 'தெரியாது' என்று எழுத வெட்கப்படக்கூடாது என்ற மனிதருக்கு, தெரிந்ததை எழுதக் கை வரவில்லை.

புரட்டாதிக் கடைசியில் காசிம் காக்கா மறுபடி வந்தார். இந்த முறை தொட்டிப் பக்கம் போகவில்லை. கதவடியில் நின்றார்.

"ஐயா, வாடைக்காத்து திரும்பிட்டு. மாரி கிட்ட வந்திட்டு."

"இன்னும் ஒரு கிழமை காசிம்."

"போன முறையும் ஒரு கிழமை எண்டீங்க. ஐயாட கிழமைக்கு எத்தின நாள்?"

ஐயா மேசையிலிருந்த இதழ் ஒன்றைப் புரட்டினார். காசிம் காக்கா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். "சரி, ஒரு கிழமை," என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அந்தக் கிழமையின் நாலாம் நாள் காலை ஐயா என்னைக் கூப்பிட்டார். மேசையில் கல்லின் தாளச்சும், பக்கத்தில் அந்தப் போர்ட் சையித் வண்டும் இருந்தன.

"போலி," என்றார். "கப்பல் பயணிகளுக்கு விக்கக் கொத்தினது. இரண்டு வேற வேற கல்லிலயிருந்து வரியைப் பார்த்துக் கொத்தியிருக்கிறான். பேர் வரவேண்டிய இடத்தில பேரே இல்லை. எனக்கு வைகாசியிலயே தெரியும்." தாளச்சைச் சுருட்டிக்கொண்டே, "லொறி சொல்லும். கல்லைக் கொண்டு போய் வைப்பம்," என்றார்.

லொறி சொல்லப் போன என்னை மழை பாதி வழியில் பிடித்தது. அந்த வருடம் மாரி முந்திவிட்டது. மூன்று நாள் விடாத மழை. மகாவலி பெருகிக் களப்பு நிரம்பியது. துறையில் ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக் கடக்கும் மிதவையான பாதை ஓடவில்லை. நாங்கள் கல்லை லொறியில் ஏற்றி, தார்ப்பாய் போட்டு மூடி, காத்திருந்தோம்.

தண்ணீர் வடிந்து பாதை ஓடத் தொடங்கிய முதல் நாளே போனோம். மரைக்காரும் காசிம் காக்காவும் மையவாடியில் நின்றார்கள். எங்களைக் கண்டதும் காசிம் காக்கா களப்புப் பக்கம் கையைக் காட்டினார். களப்பு கரையை அரிந்து உள்ளே வந்திருந்தது. மதில் மூலை கரையோடு சேர்ந்து தண்ணீருக்குள் போயிருந்தது. பூவரசு வேரோடு போய்விட்டது. பாலைக் கட்டை இல்லை. மணல், ஈரமாக, துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. மேட்டில் பனை மட்டும் நின்றது.

ஐயா நாடாவை எடுத்தார். நான் பனையடியில் ஒரு நுனியைப் பிடித்தேன். அவர் அன்று குறித்த அளவுக்கு நாடாவை இழுத்து, ஒரு தடியால் மணலில் கீறிக்கொண்டே நடந்தார். முட்புதரடியில் தொடங்கிய வளைகோடு மணல்வெளியைக் கடந்து, களப்புத் தண்ணீரின் விளிம்பில் போய் நின்றது.

"இது என்ன?" என்று கேட்டார் காசிம் காக்கா.

"மூண்டு அளவு இருந்தால் ஒரு இடம் வரும். ஒண்டு மட்டும் இருந்தால் ஒரு கோடுதான் வரும். பிள்ளை இந்தக் கோட்டில எங்கேயோ இருக்கிறா. எங்கே எண்டு எனக்குத் தெரியாது."

"தண்ணிக்குள்ள போற பக்கமா இருக்குமா?"

"தெரியாது."

மரைக்காருக்குக் கோபம் வந்தது. "ஒரு இடத்தக் காட்டிட்டுப் போங்களன் ஐயா! அந்த மனிசன் அதப் பாத்து ஓதிட்டுப் போவான். ஒரு பொய் சொன்னா என்ன, படிச்ச படிப்புக் குறைஞ்சிருமா?"

"காட்டினால் அது நான் காட்டின இடம். அவவின்ரை இடமில்லை." ஐயா தடியை மணலில் ஊன்றினார். "மாரிக்கு முதல் கல்லு வந்திருக்க வேணும். வராததுக்கு நான்தான் காரணம். கல்லிலயும் ஒண்டுமில்லை காசிம். ஏமாத்தி விக்கக் கொத்தின கல். பேர் இருக்கவேண்டிய இடத்தில பேர்கூட இல்லை."

காசிம் காக்கா லொறியில் கிடந்த கல்லை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"எங்கட மீசான் கல்லுலயும் பேர் எழுதுறல்ல ஐயா. மண்ணுக்குள்ள போறவங்களுக்குப் பேர் என்னத்துக்கு? இடம் இருந்தாக் காணும்."

லொறிக்காரன் லொறியின் பின்கதவைத் திறந்தான்.

"கல்ல இறக்கவா?" என்று லொறிக்காரன் கேட்டான்.

"வேணாம். ஆரட தலைமாட்டுல வைக்கிற? கொண்டு போங்க."

பிறகு அவர் செருப்பைக் கழற்றிவிட்டு முட்புதரடிக்குப் போனார். கோட்டின்மேல் கால்படாமல், அதற்குப் பக்கத்தால், மெதுவாக நடந்தார். ஒவ்வோர் எட்டுக்கும் நின்றார். உதடுகள் அசைந்தன. தண்ணீர் விளிம்புக்கு வந்ததும் உள்ளே இறங்கி, கோடு தொடர்ந்தால் எப்படிப் போகுமோ அப்படியே, இடுப்பளவு ஆழம்வரை நடந்து நின்றார். ஐயா நாடாவைச் சுருட்டாமல் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

அடுத்த வருடம் மாரி முடிந்ததும் ஐயா என்னிடம், "நாடாவை எடும்," என்றார். அலுவலக வேலை அல்ல. விடுமுறை நாள். போய்ப் பனையடியில் நுனியைப் பிடித்துக் கோட்டைக் கீறிக் கொடுத்தோம். காசிம் காக்கா நடந்தார். எங்களுக்கு இடியப்பமும் மீன் சொதியும் கொண்டு வந்திருந்தார். மரைக்கார், "வந்துட்டாங்க கோடு கீறுற ஆக்கள்," என்று சொல்லிப் பாய் விரித்தார். ஐயா ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு வருடமும் இது நடந்தது. அவர் கடைசிவரை தான் வாசித்த எகிப்திய வரிகளைப் பற்றி ஒன்றும் வெளியிடவில்லை. இதழ்களை வரவழைப்பதையும் நிறுத்திவிட்டார். மத்தியானத்தில் அந்த அரை மணி நேரம் சன்னலைப் பார்த்தபடி இருப்பார். யாழ்ப்பாணம் போய் இரண்டு வருடத்தில் காலமானார் என்று கேள்விப்பட்டேன். செய்தி எனக்குப் பிந்தித்தான் வந்தது.

அதன்பின் நான் தனியாகப் போனேன். பனையடியில் நாடா நுனியைக் காசிம் காக்காவே பிடித்தார், நான் கீறினேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய வருடம், ஒருநாள் காலை பத்து மணியளவில், காசிம் காக்காவின் இளைய மகன் அலுவலகத்துக்கு வந்தான். சைக்கிளை நிறுத்தாமல் சுவரில் சாய்த்தான்.

"வாப்பா விடிய சுபஹுத் தொழுகைக்கு மவுத்தாப் போயிட்டார். கோட்டுல அடக்கச் சொல்லியிருக்கார். நீங்க வந்து கீறித் தரணும். மத்தியானம் லுஹர் தொழுகைக்கு எடுக்கிறம்."

நாடாவை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். மிதவைப் பாதையில் சனம் அதிகம். நான் ஏன் அவசரப்படுகிறேன் என்று தெரிந்ததும் வழிவிட்டார்கள். மையவாடியில், கிழவராகிவிட்ட மரைக்கார் குடைக்குக் கீழே கதிரையில் இருந்தார். மகன் பனையடியில் நுனியைப் பிடித்தான். நான் கோட்டைக் கீறினேன். எந்த இடம் என்று மரைக்காரைக் கேட்டார்கள். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, தண்ணீரிலிருந்து தள்ளி, கோட்டின்மேல் ஓர் இடத்தைக் கைத்தடியால் காட்டினார்.

"பாத்துத் தோண்டுங்க," என்றார். "எலும்பு ஏதும் தட்டுப்பட்டா உடனே மூடிட்டு அங்கால போங்க. ஆரையும் எழுப்பக்கூடாது."

இரண்டு பேர் தோண்டினார்கள். முழங்கால் ஆழம் வந்ததும் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் அள்ளினார்கள். எல்லாரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம். நெஞ்சளவு ஆழம் போயிற்று. பக்கவாட்டிலும் தடவிப் பார்த்தார்கள். மஞ்சள் மணல், அதற்குக் கீழே சாம்பல் மணல், அதற்குக் கீழே ஊறத் தொடங்கிய தண்ணீர்.

"ஒண்டுமில்ல," என்றார் தோண்டியவர். "சுத்தமான மண்."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் மரைக்கார். நின்றவர்கள் எல்லாரும் சொன்னார்கள். எனக்கும் மனம் ஆறியது.

ஜனாஸா வந்தது. நான் மேட்டில், பனையடியில், நின்றேன். அவரை இறக்கி, பலகை வைத்து, மண் தள்ளினார்கள். ஆளுக்கு மூன்று பிடி மண் போட்டார்கள். அந்தக் கூட்டத்தின் கால்களுக்குள் என்னுடைய கோடு அழிந்துபோயிற்று.

திரும்பி வரும்போதுதான், பாதையில், கண்டதை மட்டும் ஒருமுறை மனதுக்குள் வரிசைப்படுத்திப் பார்த்தேன். முட்புதரிலிருந்து தண்ணீர்வரை அந்தக் கோட்டில் அவருடைய மகள் எங்கே இருக்கிறாள் என்று எவருக்கும் தெரியாது. அவள் இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்த இடம் ஒன்றே ஒன்றுதான். அதில்தான் அவரை அடக்கியிருந்தோம்.